எலும்பும் ஒரு சேமிப்புக் கணக்கே

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024ஆம் ஆண்டில் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயர், மேடும் பள்ளமுமான நகரம். ஷாதிபூரில் வாழும் ஒருவர் அபர்தீன் கடைவீதிக்கு நடந்து சென்று, காய்கறிப் பையுடன் வீடு திரும்புகிறார் எனக் கொள்வோம். இந்த எளிய செயலுக்குள் எத்தனை எலும்புகளின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 106 எலும்புகள் கைகளிலும் பாதங்களிலும் மட்டுமே அமைந்துள்ளன. நுட்பமான அசைவு தேவைப்படும் இடத்தில் எலும்புகள் சிறியனவாகவும் பலவாகவும் இருக்கின்றன. பாரம் சுமக்க வேண்டிய இடத்தில் நீண்டும் உறுதியாகவும் இருக்கின்றன. தொடையெலும்பு குழாய் போல் உட்புறம் வெற்றிடம் கொண்டது. குறைந்த எடையில் மிகுந்த வலிமை தருவது இவ்வமைப்பே.

எலும்பு தானாக அசைவதில்லை. தசை சுருங்கும்போது, அதனை எலும்போடு பிணைக்கும் தசைநாண் எலும்பை இழுக்கிறது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே கையை மடக்க ஒரு தசையும் நீட்ட மற்றொரு தசையும் என இணையாகவே அவை பணிபுரிகின்றன. முழங்கை ஒரு நெம்புகோல். மடக்கும் தசை முழங்கைக்கு மிக அருகில் இணைந்திருப்பதால், 5 கிலோ பையைத் தாங்க அத்தசை அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு விசையைச் செலுத்த வேண்டியுள்ளது. அதற்கு ஈடாக, தசை சிறிதளவு சுருங்கினாலே கை நெடுந்தொலைவு நகர்கிறது.

இந்த உண்மையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் மனிதநேயத்துடன் பயன்படுத்தினார். தொழுநோயால் நரம்பு பழுதடைந்தோரின் விரல்கள் நகம் போல் வளைந்து முடங்கிவிடும். எலும்பும் மூட்டும் நன்றாக இருந்தும், இழுப்பதற்குத் தசை இல்லை. 1940களின் பிற்பகுதியிலிருந்து அவர், நலமாக இயங்கும் வேறொரு தசையின் தசைநாணை இடம் மாற்றி விரல்களோடு இணைத்தார். பிறர் கையை எதிர்நோக்கியிருந்த பலர், தம் கையால் உணவு உண்ணவும் தொழில் செய்யவும் தொடங்கினர்.

எலும்பு எதனால் ஆனது? சுண்ணச்சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது அதற்குக் கடினத்தைத் தருகிறது. கொலாஜன் என்னும் புரத இழை வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. தாது மட்டும் இருந்தால் எலும்பு சுண்ணக்கட்டி போல் நொறுங்கும். இழை மட்டும் இருந்தால் துவளும். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜனின் வடிவம் என்பதை 1954ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அவர்கள் ஆராய்ந்தது கங்காருவின் வால் தசைநாண்.

நம் உடலிலுள்ள சுண்ணச்சத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருப்பில் உள்ளது. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் இரத்தத்தில் குறிப்பிட்ட அளவு சுண்ணச்சத்து எந்நேரமும் தேவை. உணவில் அது குறைந்தால், உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுவதும் பணியில் உள்ளன. ஏறத்தாழ முப்பது வயது வரை வரவு மிகுதி. பின்னர்ச் செலவு மெல்ல மேலோங்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இக்குறைவு விரைவாக நிகழ்கிறது. இந்தக் கணக்கில் இருப்பு குறைவதை அறிவிக்கக் குறுஞ்செய்தி எதுவும் வருவதில்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும் நாளில்தான் பலரும் அதனை அறிகின்றனர். முதியோர் பலருக்கு அம்முறிவுக்குப் பின் பழைய நடமாட்டம் முழுமையாகத் திரும்புவதில்லை.

இந்தியர்களில் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. பால், தயிர், எள், முருங்கைக்கீரை ஆகியவற்றோடு, முள்ளுடன் உண்ணும் நெத்தலியும் நல்ல வரவே. உணவுச் சுண்ணச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதனைத் தோல் வெயிலில் உருவாக்குகிறது.

உழைப்பும் ஒரு வரவே. எடையைத் தாங்கும் எலும்பு வலுப்பெறுகிறது. எடையற்ற விண்வெளியில் வீரர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்திற்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டை இழக்கின்றனர். ஆகவே மேட்டில் ஏறி நடப்பதைச் சுமையாகக் கருத வேண்டியதில்லை. புகைப்பழக்கத்தைக் கைவிடுவோம். முதியோர் உள்ள வீடுகளில் குளியலறைத் தரை வழுக்காமலும், இரவில் நடைவழியில் விளக்கு எரியுமாறும் பார்த்துக்கொள்வோம். ஐம்பது வயதைக் கடந்தோர் எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்டறிவது நலம். பிள்ளைகளின் தட்டில் இன்று நாம் இடும் ஒரு கேழ்வரகு அடை, அவர்களது முதுமைக்கான வைப்புத்தொகை.