ஒரே நாள், ஒரே களம்

ஆனித் திங்களில் உத்திரம் கூடிய நாளன்று, தில்லைப் பதியிலே கூத்தப்பெருமானுக்குத் திருமஞ்சனம் நிகழும். அந்நாள் ஆண்டுதோறும் மீண்டு வந்து, பழைய நினைவுகளை மக்கள் உள்ளத்தில் எழுப்பும். விளையாட்டு வரலாற்றிலும் அத்தகைய நாளொன்று உண்டு. அது ஜூன் 25 ஆம் நாள். அதுவும் ஆனித் திங்களிலேயே அமைந்துள்ளது.

தில்லைக்கு வடக்கே, கடலூரைச் சார்ந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690 இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லை வரையில் உள்ள ஊர்களும் அவர்க்கு உரியவாயின. இவ்வாறு குண்டெறிந்து நிலம் கொண்ட ஆங்கிலேயரே, பந்தெறியும் கிரிக்கெட்டு ஆட்டத்தையும் இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர்.

1932 ஜூன் 25 அன்று, இலண்டன் மாநகரில் உள்ள லார்ட்ஸ் திடலில், இந்தியர் தம் முதல் டெஸ்டுப் பந்தயத்தை ஆடத் தொடங்கினர். அப்பொழுது இந்தியா அடிமை நாடு. குழுவின் தலைவராகச் சென்றிருந்தவர் போர்பந்தர் மன்னர். அவர் தம்மினும் ஆட்டத்தில் வல்லவரான சி. கே. நாயுடுவுக்குத் தலைமையை விட்டுக்கொடுத்து, அப்பந்தயத்தில் தாம் ஆடாது விலகி நின்றார். பதவியினும் தகுதியே பெரிதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஹோம்சு, சட்கிளிப்பு என்னும் இருவரும் பத்து நாள்களுக்கு முன்னர்த்தான் ஒரு பந்தயத்தில் இணைந்து 555 ஓட்டங்கள் குவித்திருந்தனர். அவ்விருவரையும் முகம்மது நிசார் விரைந்து வீழ்த்தினார். ஆங்கிலேயர் 19 ஓட்டங்களுக்குள் மூவரை இழந்து திகைத்தனர். நாயுடு கையில் காயமுற்றும் தளராது நின்று 40 ஓட்டங்கள் எடுத்தார். ஆயினும் முடிவில் இந்தியர் 158 ஓட்டங்களால் தோற்றனர்.

ஐம்பத்தோர் ஆண்டுகள் கழிந்தன. 1983 ஆம் ஆண்டு, அதே ஜூன் 25 இல், அதே திடலில், உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி நடைபெற்றது. இந்தியரை எதிர்த்தவர், முன்னர் இருமுறை அக்கோப்பையை வென்ற மேற்கிந்தியத் தீவினர். இந்தியர் எடுத்தவை 183 ஓட்டங்களே. அவற்றுள் சென்னையைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் எடுத்த 38 ஓட்டங்களே அப்போட்டியில் தனியொருவர் எடுத்தவற்றுள் மிகுதியானவை. தலைவர் கபில்தேவ் பின்னோக்கி நெடுந்தொலைவு ஓடி, ரிச்சர்ட்சு உயர அடித்த பந்தைப் பிடித்தார். ஆட்டத்தின் போக்கே மாறியது. எதிரணியினர் 140 ஓட்டங்களில் அடங்கினர். கோப்பை இந்தியாவுக்கு உரியதாயிற்று.

கடலூர்க் கடற்கரையிலும் சிதம்பரத்துத் திடல்களிலும் மட்டை பிடிக்கும் சிறுவர், இவ்விரண்டு நாள்களையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும். முன்னவர் தோல்வியிலும் காட்டிய உறுதியே பின்னவர் வெற்றிக்கு வித்தாயிற்று. நாளினால் வந்த சிறப்பன்று அது. முயற்சியால் அந்நாளுக்கு வந்த சிறப்பாகும்.