குளிருக்கு முன் கடையைக் கவனிக்க...

தில்லியில் தீபாவளி முடிந்தாலே கரோல்பாக் சிற்றுண்டிக் கடைக்காரர்களுக்குக் குளிர்க் கவலை வந்துவிடுகிறது. ஜனவரி இரவுகளில் வெப்பம் 4 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. தேங்காயெண்ணெய் கல்லாகும், மாவு பொங்காது. மத்தியானமே அரைத்து, பாத்திரத்துக்குச் சாக்கைச் சுற்றி அடுப்பருகே வைப்பார்கள்.

மாவுக்குப் போர்த்தியாயிற்று. கடையிலேயே படுக்கும் பையன்களுக்கு?

ஷட்டரை இறக்கிவிட்டு, கரி அங்கீட்டியை உள்ளே வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி வடக்கே குளிர்காலந்தோறும் வருகிறது. கரி கனிந்து புகை அடங்கிய பிறகும் கார்பன் மோனாக்சைடு வெளிவந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது. விழித்திருப்பவனுக்குத் தலைவலி, மயக்கம். தூங்குகிறவனுக்கு அதுவும் தெரியாது. படுக்குமுன் அங்கீட்டி வெளியே போயாக வேண்டும்.

முதலாளிகள் இப்போதே ஆளுக்கொரு ரஜாய்க்கு ஏற்பாடு செய்வது நல்லது. பழையதானால் பஞ்சை அடித்துத் தைக்கக் கொடுத்துவிடலாம்.