கூடங்குளத்துத் திட்டிவாசல்

பழைய கோட்டைகளைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் திட்டிவாசல் இன்னதென்று தெரிந்திருக்கும். பெரிய கதவைத் திறப்பதென்றால் பத்துப் பேர் சேர்ந்து தள்ளவேண்டும். ஆனால் அதே கதவில் ஓர் ஆள் குனிந்து நுழையும்படியாகச் சிறு கதவொன்று வைத்திருப்பார்கள். மதில்மேல் ஆயிரம் சேவகர்கள் காவல் நின்றாலும், அந்தச் சிறு கதவுக்குத் தாழ் போட ஒருவன் மறந்தால் போதும்; காவல் அத்தனையும் வீண்!

கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டையைக் கடந்து கீழைக் கடற்கரையோரமாகச் சுமார் 25 கிலோ மீட்டர் சென்றால், நம் காலத்துக் கோட்டை ஒன்று தென்படும். அதுதான் கூடங்குளம் அணுமின் நிலையம். அது இருப்பது திருநெல்வேலி ஜில்லாவில். என்றாலும் அங்கே நடக்கும் நன்மை தீமைகளில் நாஞ்சில் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1988-ல் சோவியத் ராஜ்யத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக எழுந்த இந்த நிலையத்தில், ஆயிரம் மெகாவாட் சக்தியுள்ள இரண்டு உலைகள் மின்சாரம் தருகின்றன. மேலும் உலைகள் எழுந்து வருகின்றன.

இந்தக் கோட்டையின் திட்டிவாசலைப் பற்றி 2019-ம் வருஷம் அக்டோபர் மாதம் 28-ந் தேதி ஒரு செய்தி பரவிற்று. நிலையத்தைச் சேர்ந்த கம்ப்யூட்டர் விவரங்கள் 'டிடிராக்' என்ற மால்வேர் ஒன்றில் பொதிந்து கிடப்பதாக நிபுணர்கள் கண்டு சொன்னார்கள். மால்வேர் என்பது வேறொன்றுமில்லை: ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள் களவாகப் புகுந்து, எஜமானர் அறியாமல் இன்னொருவனுக்கு ஊழியம் செய்யும் புரோகிராம்.

மறுநாள் 29-ந் தேதி, நிலையத்தார் ஓர் அறிக்கை விட்டார்கள். எங்கள் கட்டுப்பாட்டு யந்திரங்கள் தனித்து இயங்குபவை. இண்டர்நெட்டுடன் அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை. ஆகவே அவற்றின்மீது தாக்குதல் நடப்பது சாத்தியமில்லை. இதுதான் அதன் சாரம். அதற்கும் மறுநாள் 30-ந் தேதி, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் வேறோர் அறிக்கை விட்டது. மால்வேர் புகுந்தது மெய்தான். செப்டம்பர் 4-ந் தேதியே சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஸ்தாபனமான 'செர்ட்-இன்' அதைத் தெரிவித்துவிட்டது. நிர்வாக வேலைக்கான, இண்டர்நெட் தொடர்புள்ள ஒரு கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது. முக்கியமான உள் யந்திரங்களை அது தொடவில்லை என்று கூறிற்று.

இரண்டு அறிக்கைகளிலும் பொய் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். 'சமையலறையில் திருடன் நுழையவில்லை' என்று முதல் நாள் சொல்லி, 'திண்ணையில் எட்டு வாரத்துக்கு முன்பே அகப்பட்டான்' என்று மறுநாள் சொன்னால், வீட்டிலுள்ளவர்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்கள்?

'திண்ணைதானே!' என்று அலட்சியம் செய்வதற்கும் இல்லை. டிடிராக் என்பது ஒற்றன். விசைப்பலகையில் தட்டும் எழுத்துக்களையும், கம்ப்யூட்டரிலுள்ள கோப்புகளின் ஜாபிதாவையும் திரட்டி அனுப்பவல்லது. அதே இனத்தைச் சேர்ந்த மால்வேர் 2018-ல் நமது தேசத்துப் பாங்குகளின் ஏ.டி.எம். யந்திரங்களில் புகுந்திருந்ததை ருஷ்யாவின் காஸ்பர்ஸ்கி கம்பெனி கண்டது. வட கொரியாவுடன் தொடர்புள்ளதாகக் கருதப்படும் 'லாஸரஸ்' கூட்டத்தாரின் கைவேலை என்றும் அக் கம்பெனி கூறிற்று. ஒற்றன் கொண்டுபோன செய்தி, பின்னால் வரும் படைக்கு வழிகாட்டி அல்லவா?

தனித்திருப்பதே தக்க காவல் என்ற நம்பிக்கையை ஈரான் தேசம் 2010-ல் இழந்தது. நதான்ஸ் என்னுமிடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் யந்திரங்களுக்கு இண்டர்நெட் தொடர்பு கிடையாது. ஆயினும் 'ஸ்டக்ஸ்நெட்' என்ற மால்வேர், சட்டைப் பையில் அடங்கும் யு.எஸ்.பி. கருவியின் மூலம் உள்ளே சென்று அவற்றைப் பாழாக்கிற்று. கூடங்குளத்தில் அப்படி எதுவும் நடந்ததாக அத்தாட்சி இல்லை. நடக்கவே முடியாது என்று அடித்துச் சொல்வதைத்தான் நாம் ஏற்பதற்கில்லை.

மௌனம் இருக்கும் இடத்தில் வதந்தி குடியேறும். அக்டோபர் 19-ந் தேதி இரண்டாவது உலை நின்றிருந்தது. இதற்கும் மால்வேருக்கும் சம்பந்தம் உண்டென்று எவரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2011-லும் 2012-லும் இடிந்தகரையில் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் கிளர்ச்சி செய்த பிரதேசம் அது. 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நிலையத்தை இயக்க அனுமதித்தபோது, பாதுகாப்புக்காகப் பல கட்டளைகளையும் சேர்த்தே விதித்தது.

2022-ம் வருஷம் ஏப்ரல் மாதம் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டார்கள். கம்ப்யூட்டர் தாக்குதலை அறிந்த ஸ்தாபனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்'னுக்குத் தெரிவித்துவிட வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் கூடங்குளத்தில் சர்க்காருக்குத் தெரியாததால் வந்த வினை அல்லவே! தெரிந்ததை ஊராருக்குச் சொல்லாததால்தானே வினை?

தேசத்துக்கு மின்சாரம் வேண்டும், அதில் ஆட்சேபமில்லை. ரகசியம் காக்கவேண்டிய விஷயங்களும் உண்டு, அதிலும் ஆட்சேபமில்லை. பகைவன் புகுந்த வழி அடைபடும்வரை அதை வெளியிட வேண்டாம். அடைத்த பிறகேனும், என்ன நடந்தது, எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்பதை நல்ல தமிழில், நிலையத்தாரே முந்திக்கொண்டு சொல்லலாமே? அயலூரார் கேட்கும் உரிமை அவ்வளவுதான்.