பிடி தளர்த்தும் பருவம்

இலங்கையில் முழுவயதின் எல்லை 1989 ஆம் ஆண்டில் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. சட்டத்தின் எல்லையைத் திருத்தமொன்றால் மாற்றலாம்; உள்ளத்தின் முதிர்ச்சியை அங்ஙனம் ஆக்கல் இயலாது.

2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்த வன்னிப் பெற்றோர் பிள்ளையின் கையை ஒருகணமேனும் விட்டாரல்லர். அப்பிடியே உயிர் காத்தது. அன்று ஐந்து வயதினராயிருந்தோர் இன்று இருபதைக் கடந்தனர். பிடியோ இன்னும் தளர்ந்திலது. விண்ணப்பம் எழுதுபவர் தந்தை. வங்கிக்குச் செல்பவர் தாய். ஸ்கந்தபுரத்தில் ஆசிரியனாயுள்ள யானும் என் மகனுக்கு அவ்வாறு எழுதிக் கொடுத்தவனே. வீட்டிலிருக்கும் அவனைச் சோம்பேறி என்றேன். அவனிடத்திருந்த அச்சத்துக்கு என் அச்சமே வித்தென்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

இதற்கு வழி யாது? அக்கராயன் குளத்து நீர் பாயும் வயல்களிலே, கதிர் முற்றுந் தறுவாயிற் கமக்காரர் நீரை வடிப்பர். அது பயிரை வெறுத்தலன்று, பருவமறிதலாகும். பெற்றோரும் தம் உதவியை அவ்வாறே படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவற்றுக்குரிய விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்புக. பிழை நேரின் தானே திருத்துக. வீட்டுச் செலவில் ஒரு பங்கை அவன் பொறுப்பில் விடுக. அவன் தடுமாறுங்கால் அருகில் நிற்றல் நம் கடன். அவனுக்காக நடத்தல் நம் கடனன்று.