கம்பெனிக்குப் பெயர் சூட்டுமுன்

பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை. ஊரில் பத்து முருகன்கள் இருந்தாலும் பதினோராவது முருகனை எவரும் தடுப்பதில்லை. கம்பெனிக்குப் பெயர் வைப்பதோ அவ்விதமன்று. பதிவேட்டில் ஒரு பெயருக்கு ஒரு கம்பெனிதான் இருக்கலாம் என்பது சட்டத்தின் கொள்கை. இவ்வேற்றுமையை உணராது, பைகளும் விலைச்சீட்டுகளும் அச்சடித்து, பெயர்ப்பலகையும் எழுதிவிட்டு, அதன் பின்னர் விண்ணப்பம் செய்வோர் உளர். அவர்களுக்கு நேரிடும் நஷ்டம் அச்சுக்கூலியோடு நின்றுவிடுவதில்லை.

சங்க அங்கத்தினர்களுக்கும் கம்பெனிப் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். விவசாயிகளும் நெசவாளர்களும் தங்கள் சரக்கை ஒன்றுசேர்த்து விற்பதற்காக 'உற்பத்தியாளர் கம்பெனி' அமைக்கும் வழி, 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால் பழைய 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21-ஏ அத்தியாயமாக இடம்பெற்றுள்ளது. உற்பத்தியாளர் 10 பேர் சேர்ந்தோ, உற்பத்தியாளர்களை மட்டுமே கொண்ட இரண்டு ஸ்தாபனங்கள் சேர்ந்தோ இதனைத் தொடங்கலாம். நெல்லும் வாழையும் மட்டுமின்றிக் கைத்தறித் துணியும் இச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்கும். 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பின்னர், இவ்வகைக் கம்பெனிகளைப் பற்றிய பேச்சு நம் சங்கக் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகிறது. ஆதலின் பெயரைப் பற்றிய விதிகளை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

பெயரின் தலையும் வாலும்

உற்பத்தியாளர் கம்பெனியின் பெயர் 'புரொடியூசர் கம்பெனி லிமிடெட்' என்னும் சொற்களோடு முடிதல் வேண்டும். வால் இவ்வாறு சட்டத்தினாலேயே அமைந்துவிடுகிறது. நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது தலையை மட்டுமே.

அத்தலையில் 'கூட்டுறவு' என்ற சொல்லை வைக்க நம்மவர்க்கு ஆசை எழுவது இயல்பு. ஆயினும் அது கூடாது. வேறு வகையான சட்ட ஸ்தாபனத்தைக் குறிக்கும் கோஆப்பரேட்டிவ், சஹகாரி, சொசைட்டி, டிரஸ்ட் முதலிய சொற்கள் கம்பெனியின் பெயரில் இடம்பெறலாகாது என்று கம்பெனி அமைப்பு விதிகள் கூறுகின்றன. இது நமக்கு இழைத்த அநீதியன்று. நம் சொல்லுக்கு இட்ட வேலியாகும். பதிவு பெற்ற சங்கம் அல்லாத எவரும் அரசின் அனுமதியின்றி 'கூட்டுறவு' என்ற சொல்லைச் சேர்த்து வியாபாரம் நடத்தலாகாது என்று 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 47-ஆவது பிரிவே விதித்திருந்தது. சங்கமும் கம்பெனியும் வெவ்வேறு சட்டத்தின் பிள்ளைகள். கடன் கொடுப்பவரும் சரக்கு வாங்குபவரும் இரண்டையும் ஒன்றென்று மயங்கலாகாது என்பதே இதன் நோக்கம்.

எவை ஒரே பெயர்?

பெயரை இம்மியளவு மாற்றிவிட்டால் புதுப்பெயர் ஆகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். எடுத்துக்காட்டாகக் 'கதிர்மணி' என்ற பெயரில் ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'கதிர்மணிகள்' என்று பன்மையாக்கினாலும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், பின்னால் '5' என்ற எண்ணைச் சேர்த்தாலும், ஊர்ப்பெயர் இல்லாத அப்பெயரோடு 'மதுரை' என்று ஓர் ஊரை ஒட்டினாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவை யாவும் ஒரே பெயர்தான். சொற்களை முன்பின்னாக மாற்றுவதும் உதவாது. 'ரவி பில்டர்ஸ் அண்டு கான்ட்ராக்டர்ஸ்' என்பதும் 'ரவி கான்ட்ராக்டர்ஸ் அண்டு பில்டர்ஸ்' என்பதும் ஒன்றே என்று விதியிலேயே உதாரணம் காட்டப்பட்டுள்ளது. 'நேஷனல் எலக்ட்ரிசிட்டி கார்ப்பரேஷன்' என்பதை இந்தியில் 'ராஷ்ட்ரீய வித்யுத் நிகம்' என்று பெயர்த்து வைப்பதும் அவ்வாறே.

இன்னும் சில தடைகள் உள்ளன. 'மைசூர் லிமிடெட்' என்பது போல் வெறும் ஊர்ப்பெயரை மட்டும் வைக்க இயலாது. தொடங்குவோரின் முதலெழுத்துக்களைக் கோத்த சுருக்கப்பெயரும் ஏற்கப்படாது. அரசோடு தொடர்புடையது போல் தோன்றும் பெயருக்கு முன் அனுமதி தேவை. மகாத்மா காந்தி, ஜவாஹர்லால் நேரு ஆகியோரின் பெயர்களை வியாபாரத்திற்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனியின் பெயரைக்கூட 20 ஆண்டுகள் கழியும் வரை பிறர் எடுத்துக்கொள்ள முடியாது.

தேட வேண்டிய ஏடுகள்

கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இல்லை என்றவுடன் மகிழ்ந்துவிடலாகாது. அது முதல் ஏடு மட்டுமே. இரண்டாவது, 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வர்த்தகக் குறிப் பதிவேடு. அதில் சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. துணிக்கு 24, ஆயத்த ஆடைக்கு 25, அரிசிக்கும் மசாலைக்கும் 30, பசுங்காய்கறிக்கு 31 என்பன நம்மவர் பார்க்க வேண்டிய வகுப்புகள். பிறருடைய பதிவான குறியை நம் கம்பெனிப் பெயரில் ஒரு பகுதியாக வைத்து அதே சரக்கை விற்றாலும் அது குற்றமீறலாகும். 'காதி' என்னும் சொல்லைக் காதி கிராமத் தொழில் ஆணையம் தன் குறியாகப் பதிவு செய்துள்ளதை நெசவாளர் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, புவிசார் குறியீட்டுப் பதிவேடு. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி, திருபுவனம் பட்டு முதலியவை அதில் ஏறியுள்ளன. இவை அவ்வப்பகுதி உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுச்சொத்து. ஒரு கம்பெனி தன் தனியுடைமை என்று உரிமை கொண்டாட முடியாது.

நான்காவது, கூட்டுறவுச் சங்கங்களின் பதிவேடு. மாநிலச் சட்டப்படி அமைந்த சங்கங்களின் பெயர்கள் கம்பெனிப் பதிவேட்டில் தென்படா. ஆயினும் பல்லாண்டு உழைப்பினால் சந்தையில் பெயரெடுத்த சங்கத்தின் பெயரைப் போன்றதொரு பெயரைக் கம்பெனி சூடுமாயின், அச்சங்கம் நீதிமன்றம் செல்ல வழியுண்டு. 1935-இல் தோன்றிய தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை மக்கள் 'கோ-ஆப்டெக்ஸ்' என்றே அறிவர். நீண்ட பதிவுப்பெயர் ஒருபுறமிருக்க, வாங்குவோர் வாயில் வழங்கும் குறும்பெயரே செல்வம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

விண்ணப்பிக்கும் முறை

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 'ஸ்பைஸ் பிளஸ்' என்னும் படிவத்தின் முதற்பகுதி வாயிலாகப் பெயர் கோரலாம். கட்டணம் ரூ.1,000. விருப்ப வரிசைப்படி இரண்டு பெயர்கள் தரலாம். மானேசரிலுள்ள மத்தியப் பதிவு மையம் அவற்றைப் பரிசீலிக்கும். அங்கீகரிக்கப்பட்ட பெயர் 20 நாட்கள் நமக்கென ஒதுக்கி வைக்கப்படும். கூடுதல் கட்டணம் செலுத்தி மொத்தம் 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம். அதற்குள் கம்பெனியைப் பதிவு செய்யாவிடில் பெயர் கைநழுவிவிடும். ஆகவே பங்குதாரர் பட்டியல், விலாச ஆதாரம், அமைப்பு விதிகள் ஆகியவற்றை ஆயத்தம் செய்துகொண்டு பெயர் கேட்பதே விவேகம்.

சான்றிதழ் கேடயமாகாது

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தபின் இனி அச்சமில்லை என்று கருதுவோர்க்கு இரண்டு வழக்குகளைச் சுட்டுவது பொருந்தும். ஸ்காத்லாந்தில் 'பட்டர்கப்' பால்பண்ணைக் கடைகளை நடத்திவந்த ஈவிங் என்பவர், 'பட்டர்கப் மார்கரின் கம்பெனி' என்று புதிதாய்ப் பதிவான கம்பெனியின் மீது வழக்குத் தொடுத்தார். 1917-இல் இங்கிலாந்து நீதிமன்றம் அக்கம்பெனி அப்பெயரில் வியாபாரம் செய்வதைத் தடுத்தது. நம் நாட்டில் 'மகேந்திரா அண்டு மகேந்திரா பேப்பர் மில்ஸ்' என்ற கம்பெனிக்கு எதிராக 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' பெற்ற இடைக்காலத் தடையை 2001-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஒன்று வாகனம் செய்யும் கம்பெனி, மற்றொன்று காகிதக் கம்பெனி என்ற வேறுபாடு அத்தடையை நீக்கவில்லை.

வழக்கு மன்றத்திற்குச் செல்லாமலும் ஆபத்து வரலாம். பதிவான வர்த்தகக் குறியின் உடையவர், கம்பெனி பதிவான 3 ஆண்டுகளுக்குள் மண்டல இயக்குநரிடம் முறையிடலாம். உத்தரவானால் 3 மாதங்களுக்குள் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாவிடில், உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்பதைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துக்களும் ஆண்டும் வரிசை எண்ணுமே கம்பெனியின் புதுப்பெயராகப் பதிவேட்டில் ஏறிவிடும். 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து இவ்விதி அமலில் உள்ளது. அப்படிப்பட்ட பெயரைச் சேலையின் விலைச்சீட்டிலோ அரிசிப் பையிலோ எவ்வாறு அச்சிடுவது? பெயர் மாறிய கம்பெனி தன் பழைய பெயரையும் 2 ஆண்டுகள் பலகையில் உடன் காட்ட வேண்டும். அதுவரை அப்பெயரை நம்பி வந்த வாடிக்கையாளரை மீண்டும் தேடிப் பிடிப்பது எளிதன்று.

அங்கத்தினர் செய்யத்தக்கது

கூட்டத்தில் மூன்று பெயர்களைத் தேர்ந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சரக்கை மட்டும் வருணிக்கும் பெயர் பிறரிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டாது. ஆதலின் தனித்த சொல் ஒன்று அதில் இருக்கட்டும். நான்கு ஏடுகளையும் தேடுங்கள். கம்பெனிப் பெயருக்கு விண்ணப்பிக்கும்போதே வர்த்தகக் குறிக்கும் விண்ணப்பியுங்கள். குறி பதிவானால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். இவையெல்லாம் முடிந்த பின்னரே அச்சகத்தின் படியேறுங்கள்.

பெயர்ப்பலகை அவ்வூரில் வழங்கும் மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. ஆகவே நம் கம்பெனியின் பெயர் தமிழெழுத்தில் வாசலில் நிற்கப்போவது உறுதி. தறியில் இருப்பவரும் வயலில் நிற்பவரும் தாமே படித்து, இது எங்களுடையது என்று சொல்லத்தக்க பெயராக அது அமையட்டும். அச்சொல்லை எவரும் பறிக்க இயலாதபடி செய்து வைப்பது தொடங்குவோரின் முதற்கடமையாகும்.