மனச்சோர்வை எதிர்கொள்ள ஒரு கணினி விளையாட்டு

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் சாலி மெரி குழுவினர் உருவாக்கிய 'ஸ்பார்க்ஸ்' ஒரு கணினி விளையாட்டு. பதின்வயதினர் தங்களுக்கென ஓர் உருவத்தைத் தேர்ந்துகொண்டு, பூச்சிகளைப் போலப் பறந்து வரும் இருண்ட எண்ணங்களைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். மூச்சைச் சீராக்கவும் சிக்கலைப் பிரித்துப் பார்க்கவும் ஏழு கட்டங்களில் பழகுகிறார்கள். விளையாட்டு எப்படிச் சிகிச்சையாகும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் 187 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வழக்கமான ஆலோசனைக்கு அது சளைக்கவில்லை. பாதியில் விட்டுவிடுவார்களே என்பார்கள். உண்மைதான், அந்த ஆய்விலேயே ஏழு கட்டங்களையும் முடித்தவர்கள் சுமார் 60 சதவீதம்தான். என்றாலும், ஆலோசகரிடம் நேரில் பேசக் கூசும் பிள்ளைக்கு முதல் படியாக இதைத் தரலாம் என்பதே என் கருத்து. தற்கொலை எண்ணம் தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.