பழைய ஜீப் வண்டியின் விளக்குகள் மங்குவதேன்?

1941 முதல் 1945 வரை யுத்தத்திற்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப் வண்டிகளுட் சில இன்றும் ஓடுகின்றன. எஞ்சின் செம்மையாயிருந்தும் இரவில் விளக்குகள் சிவந்து மங்குகின்றன என்பதே அவற்றை வைத்திருப்போர் பலர் கூறும் குறை.

சென்ற அறுவடைக் காலத்தில் குடியானவர் ஒருவர் என்னை அத்தகைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, களத்தினின்றும் வாய்க்கால் கரை வழியே திரும்பினார். முன்னே நின்ற வைக்கோல் வண்டி, பத்து கஜத்திற்குள் நெருங்கிய பின்னரே புலப்பட்டது. மெதுவாகச் சென்றமையால் மாடுகளும் வண்டிக்காரரும் தப்பினர். அவர் இரண்டு முறை பல்ப் மாற்றியிருந்தார், பாட்டரியும் புதிது. பழுது இவற்றில் இல்லை.

இவ்வண்டியின் மின்சாரம் 6 வோல்ட். 36 வாட் விளக்கிற்கு 12 வோல்ட் வண்டியில் 3 ஆம்பியர் போதும். இதிலோ 6 ஆம்பியர் ஓடவேண்டும். வழியில் 1 வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மின்சாரம் கம்பி வழியே விளக்கிற்குச் சென்று, வண்டியின் இரும்புடல் வழியே பாட்டரியின் நெகடிவ் முனைக்குத் திரும்புகிறது. வாய்க்காலைத் தூர்வாரி வடிகாலை மறப்பவரைப்போல, நாம் இத்திரும்பும் வழியைக் கவனிப்பதில்லை.

சோதிக்கும் முறை வருமாறு:

1. ஸ்விட்சை முதல் நிலைக்கு இழுத்தால் யுத்தகால மறைப்பு விளக்குகளே எரியும். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தி மேலும் இழுத்தாலன்றிப் பெரிய விளக்குகள் எரியா. இதனைப் பழுதென்று எண்ணலாகாது.

2. விளக்குகள் எரியும்போது, உறையிட்ட தடித்த கம்பியொன்றின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையிலும், மறுமுனையை விளக்குக் கூட்டில் பெயிண்ட் சுரண்டிய இடத்திலும் வைக்க. பாஸிடிவ் முனையில் இக்கம்பி படலாகாது. வெளிச்சம் தெளிந்தால் குற்றம் திரும்பும் வழியிலுள்ளது. தெளியாவிடின் ஸ்விட்சையும் கம்பி இணைப்புகளையும் ஆராய்க.

3. பழுது திரும்பும் வழியிலாயின், முதலில் பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றுக. பின்னர் அக்கம்பி சட்டத்தில் சேருமிடம், உடல் சட்டத்தில் அமருமிடம், விளக்கின் தாங்கி ஆகியவற்றின் துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, போல்ட்டுகளை இறுக முடுக்கி, மேலே வாஸலைன் பூசுக. இவ்வண்டியின் முன்விளக்குகள் எஞ்சினைப் பார்ப்பதற்காகப் பின்புறம் திருப்பத்தக்கவை. ஆதலின் அவற்றின் கீல்களில் துரு அதிகம்.

விளக்கு மங்குகிறதென்று 12 வோல்ட் பல்ப் போட்டால் இன்னும் மங்கும். உறை வெடித்த கம்பிகளைத் தாமதமின்றி மாற்றுக. பெட்ரோல் டாங்கு ஓட்டுநரின் ஆசனத்தடியிலேயே இருக்கிறது. ஒரு தீப்பொறியும் பேராபத்தாகும்.

மேற்கூறிய நண்பருக்குச் செலவானது ஓர் உப்புத்தாளும் ஒரு காலைப்பொழுதுமே. அடுத்த அறுவடைக்கு முன்னரே இச்சோதனையைச் செய்துகொள்வது நலம். கரையில் நிற்கும் வண்டிக்காரரின் உயிர் நம் விளக்கை நம்பியிருக்கிறது.